சூளைக்குப் புதுக் கெர்னல் கட்டிய கதை

நான் சூளை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டீர்கள், கேசரியும் டீயும் கொடுத்தீர்கள். டீயைக் கையில் வாங்கும்போது உங்களில் ஒருத்தர் கேட்டார்: "சார், கெர்னலை நாமளே கம்பைல் பண்ணலாமா, கூடாதா?" ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பண்ணலாம் என்று சொன்னாலும் சரியில்லை, கூடாது என்று சொன்னாலும் சரியில்லை. அதற்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கேள்வி அப்படியே நின்றுபோனது. வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் படித்த இன்ஜினியர் இல்லை. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பல சின்னக் கம்பெனிகள் பொதுவாக வைத்திருந்த நம் சூளைக்கு ஒயரிங் பார்க்க வந்தேன். சூளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லாருக்கும் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மானிட்டருக்கு மேலே கொளஞ்சியப்பர் படத்தை மாட்டி, விபூதி இட்டு, சுவிட்சைப் போட்டேன். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அந்தப் படத்தை நீங்கள் இன்னும் எடுக்காமல் வைத்திருப்பது எனக்குச் சந்தோஷம்.

நம் சூளையில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பற்றவைப்பதற்கு முன்னால் சூளை வாயில் கற்பூரம் காட்டுவோம். கோயிலாக இருந்தால் அந்த நேரத்தில் மணி அடிப்பார்கள். இங்கே மணி இல்லை. கேஸ் கசிந்தாலோ சூடு எல்லை மீறினாலோ அலறுகிற சைரன் இருக்கிறது. அதற்கு ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது. கற்பூரம் எரியும்போது அந்தப் பட்டனை அழுத்துவோம். பேட்டை முழுக்கக் கேட்கும். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பிறகுதான் நெருப்பு. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் வருவதற்கு முன்பே இருந்தது. புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

ஒரு ஆவணி மாத மழையில் இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. கருகிய வாடை அறை முழுக்க நின்றது. நல்ல காலம், ஹார்ட் டிஸ்க் பிழைத்துக்கொண்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். சைரன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அலறும், அதற்கென்று உள்ளே ஒரு கார்டு உண்டு, அது பழைய மாதிரி. அதைச் சொருகுகிற இடம் உள்ள போர்டாகத் தேடி வாங்கினேன். ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அதில் கார்டு உட்கார்ந்தது. பழைய டிஸ்கை மாட்டி ஆன் செய்தேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற நம் லினக்ஸ் அப்படியே எழுந்து வந்தது. சைரனும் பேசியது. ஆனால் நெட்வொர்க் கேபிள் சொருகுகிற இடம் மட்டும் செத்த மாதிரி கிடந்தது. விளக்குகூட எரியவில்லை.

அந்தக் கேபிள் வழியாகத்தான், சூட்டைக் கட்டுப்படுத்துகிற சூளைப் பெட்டியிலிருந்து வெப்ப அளவு கம்ப்யூட்டருக்கு வரும். எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்று அது கோடு கோடாகப் படம் வரையும். கேபிள் வேலை செய்யாவிட்டால் கிராஃப் இல்லை. கிராஃப் இல்லாவிட்டாலும் சூளை எரியும், பொருள் வேகும். பொம்மை செய்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் குறை இல்லை. ஆனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமை முறை சபீனாவுக்கு.

சபீனா மங்கலம்பேட்டைக்காரர். வீட்டுக்காரர் துபாயில். பேட்டையில் ஒரு சின்னக் கொட்டகை எடுத்து, நாலு பெண்களை வைத்துக்கொண்டு, ஹீட்டருக்குள் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கட்டைகள் செய்துகொண்டிருந்தார். அதுவரை உள்ளூர்க் கடைகளுக்குத்தான். இப்போது முதல்முறையாக ஒரு பெரிய ஹீட்டர் கம்பெனி அவருடைய சாம்பிளைப் பார்த்து ஒத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஒரே நிபந்தனை, ஒவ்வொரு சூளைக்கும் கிராஃப் வேண்டும். கிராஃப் இல்லாத சரக்கைக் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். சபீனாவுக்கு அடுத்து, கொலு பொம்மைக்காரர்கள் நவராத்திரி வரைக்கும் வரிசையாகச் சூளையை எழுதி வைத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையை விட்டால் நவராத்திரி கழிந்துதான். அதுவரைக்கும் அந்தக் கம்பெனி காத்திருக்காது.

"அண்ணே, கிராஃப் வந்துடும்ல?" என்று கேட்டார்.

"வந்துடும்மா" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நெட்டில் தேடினேன். அந்தப் புதுப் போர்டின் நெட்வொர்க் சில்லு மிகவும் புதியது. நம்மிடம் இருந்த கெர்னலுக்கு அது யார் என்றே தெரியாது. புதிய கெர்னலில் அதற்கான டிரைவர் இருக்கிறது என்று போட்டிருந்தது.

உங்களில் ஒயரிங் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மெஷினில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும், நாம் ஓட்டுகிற புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் கெர்னல். ஒவ்வொரு உறுப்போடும் பேச அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். லினக்ஸில் இது எல்லாம் மனிதர் படிக்கிற எழுத்தாகவே கிடைக்கும். அந்த எழுத்தை எடுத்து, நமக்கு வேண்டியதைத் தேர்ந்து, மெஷின் ஓட்டக்கூடிய வடிவமாக நாமே கட்டிக்கொள்ளலாம். அதுதான் கம்பைல்.

அதைப் படித்ததும் எனக்குள் ஒரு குதூகலம் வந்தது, மறைக்கமாட்டேன். கெர்னலை ஒரு தடவையாவது என் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காரணம் இல்லாமல் இருந்தது. இப்போது காரணம் வந்துவிட்டது.

பாண்டிச்சேரியில் ஒரு மேடம் இருந்தார். நம் சூளைக்கு முதன்முதலில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர். எனக்கு ஏதாவது தெரியாவிட்டால் அவருக்குப் போன் செய்வேன், சலித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, புதுக் கெர்னல் உங்களுக்கு வேணுமா, சூளைக்கு வேணுமா?"

"சூளைக்குத்தாங்க மேடம்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

"சரி. அப்ப பழைய கெர்னலை அழிச்சிடாதீங்க. ரெண்டும் இருக்கட்டும். ஆன் பண்றப்ப எது வேணும்னு கேக்கிற மாதிரி வைங்க" என்றார். அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். முதல் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதுகிற மாதிரி, நம் குறையை ஒரு தாளில் சாமிக்கு எழுதி, பூசை செய்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவோம். குறை தீர்ந்ததும் திரும்பப் போய், பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சாமியிடம் அப்படி ஒரு ஒழுங்கு. நான் எழுதினேன்: "சூளைக் கம்ப்யூட்டரில் கிராஃப் வர வேண்டும்." வேறு ஒன்றும் எழுதவில்லை. கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் சொந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கெர்னலின் மூல எழுத்தை இறக்கி, பழைய கெர்னலின் அமைப்பை அதற்குக் கொடுத்தேன். புதிதாக வந்தவற்றை ஒவ்வொன்றாக அது கேட்கும், இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. அந்தக் கேள்விகளைப் படித்தபோது எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. நான் பார்த்தே இராத மெஷின்கள், ரேடியோக்கள், கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக்குகள், எந்த ஊரிலோ எந்தக் கப்பலிலோ ஓடுகிற கருவிகள். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நம்மைத் தெரியாது, நம் ஊரைத் தெரியாது. ஆனால் விருத்தாசலத்தில் ஒருத்தன் இந்தச் சில்லை மாட்டினால் அவனுக்கு உதவட்டும் என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

கட்ட ஆரம்பித்ததும் திரையில் வரி வரியாக ஓடியது. மெஷின் சூடேறி ஃபேன் இரைந்தது. என் மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாங்க, உங்க பொட்டி இப்புடி மூச்சு வாங்குது?"

"கெர்னல் வேவுது."

"வெந்ததும் சொல்லுங்க, சாதம் வெக்கணும். ரெண்டும் ஒன்னா வெச்சா ஃபியூஸு போயிடும்" என்றார். அவர் சொன்னது நிஜம், எங்கள் வீட்டு லைன் அப்படி.

வியாழக்கிழமை சூளைக் கம்ப்யூட்டரில் புதுக் கெர்னலைப் போட்டேன். பழையதையும் வைத்தேன். ஆன் செய்து புதியதைத் தேர்ந்தேன். கேபிள் சொருகுகிற இடத்தில் பச்சை விளக்கு சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் சூளையின் அளவு திரைக்கு வந்தது. சூளை ஆறிக் கிடந்ததால் படுத்த கோடுதான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே கொளஞ்சியப்பரைப் பார்த்துக் கும்பிட்டேன். சபீனாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! அண்ணே, உங்க சாமியும் எங்க அல்லாவும் பேசி வெச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய கட்டைகளை அடுக்கிய டிராலி சூளைக்குள் போனது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்கு முன் பற்றவைத்துவிட வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவர் வாட்சைப் பார்க்கிற மனிதர். எங்கள் சூளைக்காரர் தனபால் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தினார். ஒரு கையால் தட்டைக் காட்டிக்கொண்டே மறு கையால் டெஸ்ட் பட்டனை அழுத்தினார்.

சத்தம் இல்லை.

மறுபடி அழுத்தினார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லாருடைய கையும் கன்னத்துக்குப் போகப் போய் பாதியில் நின்றது.

"பட்டன் லூஸா இருக்கும்பா. பத்த வெய்யி" என்றார் மேனேஜர்.

"மணி அடிக்காமப் பூசை முடிக்கக் கூடாதுங்க" என்றார் தனபால்.

"ஒரு நாளைக்குத் தனபாலு. அது ஒரு சம்பிரதாயம்தானே."

"சம்பிரதாயம்தாங்க. சத்தம் வந்தாத்தான் நான் பத்த வெப்பேன். நீங்க வேணா பத்த வெச்சுக்குங்க" என்று தீப்பெட்டியை நீட்டினார். மேனேஜர் அதை வாங்கவில்லை.

சபீனா என்னைப் பார்த்தார். நான் உள்ளே ஓடினேன். எனக்கு விஷயம் உடனே புரிந்தது, ஆனால் புரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. சைரன் கார்டுக்கு டிரைவர் கொடுத்தது அந்தச் சூளைப் பெட்டியை விற்ற ஒரு சின்னக் கம்பெனி. அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அவர்கள் கொடுத்த டிரைவர் நம் பழைய கெர்னலுக்கென்றே கட்டியது. அதன் மூல எழுத்து நம்மிடம் இல்லை. புதுக் கெர்னலில் அது ஏறவில்லை. ஏறவில்லை என்று, ஆன் ஆகும்போதே திரையில் ஒரு வரி வந்தும் இருந்தது. அந்த வரியைக் கிராஃப் வந்த சந்தோஷத்தில் நான் பார்க்கவே இல்லை. செத்துக் கிடந்த கேபிள் உயிர் பெற்றதா என்று மட்டும் பார்த்தேன். உயிரோடு இருந்தது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது மேனேஜர் கேட்டார், "என்னாங்க, பட்டன்தானே?"

அந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு வழி இருந்தது. ஆமாங்க, பட்டன்தான் என்று நான் சொல்லியிருந்தால் மேனேஜர் நம்பியிருப்பார், தனபாலும் முணுமுணுத்துக்கொண்டே பற்றவைத்திருப்பார், கிராஃப் வந்திருக்கும், சபீனாவின் சரக்கு போயிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தப் 'பெரும்பாலும்' என்கிற சொல் இருக்கிறதே, அதைச் சூளைப் பக்கத்தில் மட்டும் கொண்டுவராதீர்கள். கேஸ் கசிவது எப்போதோ ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் சைரன்.

"பட்டன் இல்லைங்க சார். நான் போட்ட புதுக் கெர்னலால சைரன் செத்துடுச்சு. பழசுக்கே போனா சைரன் வரும், கிராஃப் வராது" என்றேன்.

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். சபீனா சூளைக்குள் நின்ற தன் டிராலியைப் பார்த்தார். "இன்னிக்கு வுட்டா எனக்கு எப்பண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"சார், மணி பத்தரையாயிடுச்சு. ராகுகாலம்" என்றார் தனபால். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மேனேஜர் டீக்குச் சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு வரைக்கும் யாரும் நெருப்பைத் தொட மாட்டார்கள். எனக்கு அது சாமி கொடுத்த நேரமாகத்தான் பட்டது. நமக்கு அவசரம் முற்றும்போது யாராவது கதவைச் சாத்தினால்தான் யோசனை வருகிறது.

டீ வந்தது. நான் சபீனாவிடம் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் ஆரம்பித்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் குறுக்கே கேட்டார்.

"இருங்கண்ணே. எனக்கு ஒன்னு புரியல. புதுப் பொட்டியில எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? சைரனு வந்துச்சு?"

"வந்துச்சும்மா."

"கேபிள் சொருகுற ஓட்டை மட்டும்தான் அதுக்குத் தெரியல?"

"ஆமா."

"அப்ப அந்த ஓட்டைய வுட்டுட்டு வேற ஓட்டையில சொருகக் கூடாதா?"

"வேற ஓட்டை இல்லம்மா. கார்டு போட ஒரே எடம்தான், அதுல சைரன் கார்டு இருக்குது."

"பென் டிரைவு சொருகுற ஓட்டை இருக்குதுல்ல? எங்க வூட்டுல ஒன்னு கெடக்குது, ஒரு பக்கம் பென் டிரைவு மாரி இருக்கும், மறுபக்கம் இந்தக் கேபிளு சொருகலாம். பெரியவன் லேப்டாப்புக்கு அவரு துபாய்லேர்ந்து கொண்டாந்தாரு. ரொம்ப நாளாச்சு. அது ஒதவுமா?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சாமான் எனக்குத் தெரியாததா? கடையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அது பழசாக இருக்க இருக்க நமக்கு நல்லது, பழைய கெர்னலுக்கு அதைத் தெரிந்திருக்கும். இத்தனை நாளும் அது என் நினைவுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அது நினைவுக்கு வந்திருந்தால் கெர்னல் கட்டக் காரணம் இல்லாமல் போயிருக்கும். பாண்டிச்சேரி மேடம் அதைத்தான் கேட்டார். உங்களுக்கு வேணுமா, சூளைக்கு வேணுமா?

"ஒதவும்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன்.

"சத்தியம் யாரு கேட்டா? தோ போயிட்டு வரேன்" என்று ஸ்கூட்டியை எடுத்தார். முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு அவர் பேட்டை கேட்டைத் தாண்டிய வேகத்தைப் பார்த்துத் தனபால், "கிராஃப் வருதோ இல்லையோ, பாயம்மா வந்துடுவாங்க" என்றார்.

அவர் வருவதற்குள் நான் பழைய கெர்னலுக்குத் திரும்பினேன். இதற்கு எனக்கு ஒரு சில நிமிடம்தான் ஆனது. பழையதை வைத்திருந்தேனே, அதனால். தனபால் பட்டனை அழுத்தினார். சைரன் அலறியது. இந்தத் தடவை கற்பூரம் இல்லை, இருந்தும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மேனேஜரும் போட்டுக்கொண்டார், பார்த்தேன்.

சபீனா வந்து இறங்கியபோது கையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் சார்ஜர்கள், ரிமோட்டுகள், ஒரு பழைய டார்ச்சு. அடியில் அந்தச் சொருகி. துடைத்துச் சொருகினேன். விளக்கு வரவில்லை. எடுத்து, வேறு ஓட்டையில் சொருகினேன். மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்து, பிறகு சிமிட்ட ஆரம்பித்தது. சூளையின் முகவரியை அந்தச் சொருகிக்கு மாற்றிக் கொடுத்தேன். படுத்த கோடு திரையில் வந்தது.

யாரும் கத்தவில்லை. முந்தின நாள் நான் தனியாகக் கண்கலங்கினேனே, அந்த மாதிரி எதுவும் இல்லை. "மறுபடி சைரனைப் போட்டுப் பாருங்க தனபாலு" என்றேன். கிராஃபும் வந்துகொண்டிருக்க வேண்டும், சைரனும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

பன்னிரண்டு தாண்டியதும் புதுக் கற்பூரம் வைத்தோம். சபீனா தலையில் முக்காட்டோடு கொஞ்சம் தள்ளி நின்று, அவர் வழியில் கையை ஏந்தி நின்றார். கம்ப்யூட்டர் அறைக்குள் இருந்து கேட்டது வேறு, சைரனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. துள்ளிக் குதித்துவிட்டார்.

"யா அல்லா! இதுக்காண்ணே இவ்ளோ பாடு?"

"இதுக்குத்தாம்மா."

"நல்லாத்தான் கத்துது. இருக்கட்டும்" என்றார்.

தனபால் பற்றவைத்தார். கோடு மெல்ல எழுந்தது. நான் திரையை விட்டு நகரவில்லை. ஏறி, நின்று, இறங்கி, அவர்கள் கேட்ட வடிவத்தில் அது முழுசாக வந்தது. சரக்கு கேட்டுக்குள் போனது. அந்தக் கம்பெனிக்குத்தான் சபீனா இன்னும் செய்கிறார், உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஞாயிறு பிராதை வாபஸ் வாங்கப் போனேன். சந்நிதியில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிராஃப் வர வேண்டும் என்று எழுதினேன். வியாழக்கிழமையே கொடுத்துவிட்டார். இருப்பது போகக் கூடாது என்று நான் எழுதவே இல்லை. எழுதாததற்கு அவர் என்ன செய்வார்? அப்படியும் தனபால் கையில் பட்டனைக் கொடுத்து நிறுத்தினார். கும்பிட்டு, வாபஸ் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கெர்னலை நீங்களே கட்டுவது என்றால், முதலில் அந்த மேடம் கேட்ட கேள்வியை உங்களையே கேளுங்கள். 'எனக்கு வேணும்' என்று பதில் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டு மெஷினில் கட்டுங்கள். என் வீட்டு மெஷின் இன்றும் நான் கட்டிய கெர்னலில்தான் ஓடுகிறது. புதுசு வரும்போதெல்லாம் கட்டுகிறேன். என் மனைவி சாதம் வைத்து முடித்த பிறகு. அதில் நான் கற்றுக்கொண்டதுதான் பிறகு பல நாள் என்னைக் காப்பாற்றியது. அந்த ஆசையைக் கொன்றுவிடாதீர்கள்.

'சூளைக்கு வேணும்' என்று பதில் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். நம் லினக்ஸைத் தருகிறவர்களே புதிய கெர்னலைக் கட்டித் தருகிறார்களா என்று பாருங்கள். தந்தால் அதில் வருகிற ஓட்டை உடைசலை அவர்களே அடைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களே கட்டினால் அந்த வேலையும் உங்களுடையது, நீங்கள் லீவில் போன நாளிலும் உங்களுடையது. அதை நான் அன்று பார்க்கவே இல்லை. அப்புறம், குறை எங்கே இருக்கிறது என்று சபீனா கேட்ட மாதிரி கேளுங்கள். ஓட்டை மட்டும் சரியில்லையா, பெட்டியே சரியில்லையா? கட்டித்தான் ஆக வேண்டும் என்கிற நாளும் வரும். வந்தால் பயப்படாமல் கட்டுங்கள். இன்றைக்கு வேலை செய்கிற ஒவ்வொன்றையும் கட்டிய பிறகு தொட்டுப் பாருங்கள். வேலை செய்யாததை யாரும் பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை, அது தானாகக் கண்ணில் படும்.

சபீனாவின் சொருகி இன்னும் அந்தக் கம்ப்யூட்டரின் பின்னால்தான் இருக்கிறது. வெள்ளை நூலால் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் தூசி தட்டும்போது பிடுங்கிவிடாதீர்கள். அவர் சூளைக்கு வரும்போதெல்லாம், "அண்ணே, எங்க வூட்டுச் சொருகி எப்ப வரும்? பெரியவனே காலேஜு முடிச்சுட்டான்" என்று கேலி செய்வார். இனி உங்களிடம் கேட்பார். ஒரு நாள் அந்தப் பழைய கெர்னலையும், அந்தப் பழைய கார்டையும் மாற்றத்தான் வேண்டும். என்றைக்கு, எப்படி என்று முடிவு செய்யப் போவது நீங்கள். நான் இருக்க மாட்டேன். போனில் கேட்டால் சொல்வேன், ஆனால் முடிவு உங்களுடையதுதான்.

அப்படி மாற்றுகிற அன்றைக்குச் சொருகியைத் துடைத்து, அந்தப் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டு, சபீனா கையில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, பட்டனை அழுத்துங்கள். பேட்டை முழுக்கச் சத்தம் கேட்கட்டும். அதற்கப்புறம் தீக்குச்சியை எடுங்கள்.